மாதக் கடைசியில் வாசலில் உட்கார்ந்தவள்

என் கடையில் உட்கார்ந்துகொண்டு லுயெனைப் பீடை என்று யாராவது சொன்னால், குடித்துக்கொண்டிருக்கிற தேநீரைப் பாதியில் பிடுங்கிவிடுவேன். பிடுங்கியும் இருக்கிறேன். அதில் ஒருவர் ஊர்க்குழு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். அதற்கெல்லாம் பயந்தால் கரைமேட்டில் கடை போட்டுப் பிழைக்க முடியுமா?

கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. செவ்வாற்றுக் கரைமேட்டுச் சாலையில் ஒரு நாட்டுவாதுமை மரம், அதன் அடியில் ஐஸ் போட்ட தேநீர், சூரியகாந்தி விதை, வேர்க்கடலை மிட்டாய், கொஞ்சம் பிளாஸ்டிக் முக்காலிகள். எதிரே லுயெனின் நாய்க்கறிக் கடை. அவள் புருஷன் கியெம் வெட்டுவான், அவள் சமைப்பாள். நடுவில் சாலை மட்டும்தான். அந்தக் குடும்பத்தில் நடந்தது எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. சிலவற்றைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

லுயென் கோரைப்பாய் நெய்கிற ஊர்ப் பெண். கல்யாணமாகி வந்த மறுநாளே மாமனார் அவள் கையில் ஓர் உரலைக் கொடுத்து இறால் விழுது அடிக்கச் சொன்னார். எலுமிச்சை பிழிந்து, கொஞ்சம் சாராயம் விட்டு, நுரை பொங்கும்வரை அடிக்க வேண்டும். அவள் அடித்த விழுதில் நாற்றம் போய் மணம் மட்டும் நிற்கும். சித்தரத்தை, எலுமிச்சைப்புல், புளிக்கவைத்த சோறு எல்லாம் அளவு பார்க்காமல் போடுவாள், அளவாகவே இருக்கும். கரைமேட்டில் வரிசையாக நாய்க்கறிக் கடைகள் இருந்தும் அவள் கடையில்தான் செருப்புகள் வாசலைத் தாண்டிக் கிடக்கும்.

மாதத்தின் முதல் பாதியில் நாய்க்கறி தின்றால் பீடை பிடிக்கும், கடைசியில் தின்றால் பிடித்த பீடை விட்டுப்போகும். இது எங்கள் பக்கத்துக் கணக்கு. யார் கண்டுபிடித்தாரோ, கைதேர்ந்த வியாபாரியாக இருந்திருப்பார். சீட்டாட்டத்தில் தோற்றவன், லாரியைக் கொண்டுபோய் மரத்தில் மோதியவன், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனவன், எல்லோரும் அமாவாசை நெருங்க நெருங்கக் கரைமேட்டுக்கு வந்து, "இந்த மாசத்துப் பீடை இதோட ஒழியட்டும்" என்று சாராயக் கிண்ணத்தைத் தூக்குவார்கள். அடுத்த மாதமும் வருவார்கள். ஒழிந்த பீடைக்கு மறுபடி என்ன வேலை என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் தின்றவள்தான். ருசியாகத்தான் இருக்கும், அதில் பொய் சொல்ல எனக்கு என்ன வந்தது? ஆனால் எந்த வீட்டிலும் முன்னோர் படையலில் மட்டும் அதை வைக்கமாட்டோம். ஏன் என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது.

நாய்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் கம்பிக்கூண்டில் வரும். எங்கிருந்து என்று யாரும் கேட்பதில்லை. பிளாஸ்டிக் தொட்டிக்கும் அலுமினியப் பானைக்கும் மாற்றாக வீட்டுக்காரர்கள் கொடுத்தவையும் இருக்கும், கண்ணி போட்டுத் திருடியவையும் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்திருப்பதால் அவற்றால் குரைக்கவும் முடியாது. கால்நடைத் துறையிலிருந்து வருடா வருடம் ஒலிபெருக்கியில் கூவுவார்கள், வெறிநோய்த் தடுப்பூசி போட நாயைக் கொண்டுவாருங்கள் என்று. ஒருவரும் போகமாட்டோம். ஊசி போட்ட நாயின் கறியில் மருந்து வாடை அடிக்கும் என்று கூண்டுக்காரன் வாங்கமாட்டான். அதனால் எங்கள் ஊரில் ஊசி போடாத நாய்தான் நல்ல நாய். புத்திசாலிகள் நாங்கள்.

அது நான்காம் மாதக் கடைசி. கடையில் உட்கார இடமில்லை. பின்முற்றத்தில் கியெம் கூண்டைத் திறந்து ஒரு கறுப்பு நாயை இடுக்கியால் இழுத்தான். வழக்கமாக அவன் வாடை பட்டாலே நாய்கள் மூலையில் ஒண்டி மூத்திரம் போகும். இது ஒண்டவில்லை. எச்சில் ஒழுக நேரே வந்து அவன் கட்டைவிரலைக் கவ்வியது. அவன் தம்பி குவாத் பக்கத்தில் இருந்தான். அடுத்த கடை குவாத்துடையது, கூட்டமான நாட்களில் அண்ணனுக்கு வெட்ட வந்து கைகொடுப்பான். அவன்தான் நாயின் வாயைப் பிளந்து விரலை விடுவித்தான். அவன் கையும் பல்லில் பட்டுக் கிழிந்தது. இருவரும் சாராயத்தை ஊற்றிக் கழுவிக்கொண்டு அந்த நாயையே முதலில் வெட்டினார்கள். கடித்த நாயை அன்றே தீர்த்துவிட வேண்டும், விட்டுவைத்தால் அதன் கோபம் வீட்டில் தங்கிவிடும் என்பது அந்தத் தொழில்காரர்களின் நம்பிக்கை.

கடித்த நாயைக் கொல்லாமல் கட்டிவைத்துப் பத்து நாள் கவனியுங்கள் என்று சுகாதார நிலையத்துச் சுவரில் நர்ஸ் ஹாக் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். இந்த நாயைக் கவனிக்க வேண்டுமானால், அன்று மாலை கடையில் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தவர்களின் வயிற்றில்தான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை கியெம் விரலில் துணி சுற்றிக்கொண்டு என் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். லுயென் சாலையைக் கடந்து வந்தாள்.

"என்னங்க, சுகாதார நிலையம் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். ஊசிதான போடப்போறாங்க?"

"ஊசியா? ஊரே சிரிக்கும்டி. நாய் வெட்டுறவனே நாய்க்குப் பயந்து ஊசி போட்டுக்கிட்டான்னு தெரிஞ்சா, எவன் நம்ம கறியில கை வைப்பான்? அதுவும் மாசக் கடைசியில!"

"யாருக்குத் தெரியப்போவுது?"

"இந்தா உக்காந்திருக்காங்களே வியென் அக்கா. இவங்க இருக்கறப்ப ஊருக்கு ஒலிபெருக்கி எதுக்கு?"

"ஏண்டா, நான் சொன்னது பாதிதான், மீதிய ஐஸ் பெட்டியில வச்சிருக்கேன்," என்றேன். "போய்ப் போட்டுக்க. இத மட்டும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"எங்கப்பா வாங்காத கடியா? அவரு என்ன நாய்க்கடியிலயா செத்தாரு? படியில வழுக்கி விழுந்துல்ல செத்தாரு! நாய் பயப்படுற ஆளு நாங்க. எங்கள அது என்ன செய்யும்?"

 எதிரே கடைக்குள்ளிருந்து யாரோ இறால் விழுது கேட்டு லுயெனைக் கத்திக் கூப்பிட்டார்கள். "சரி, மாசக் கடைசி முடியட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாதக் கடைசி முடிந்தது. அதற்குள் காயமும் காய்ந்துவிட்டது. ஒப்புக்குக்கூட ஹாக்கிடம் போகவில்லை. படகில் அக்கரைக்குப் போய் ஒரு நாட்டு வைத்தியரைப் பார்த்தார்கள். அவர் ஏதோ இலையை அரைத்துக் கியெமின் முதுகில் அப்பினார். ஒட்டாமல் உதிர்ந்தால் உடம்பில் விஷமில்லை என்று அர்த்தமாம். உதிர்ந்தது. காய்ந்த இலை உதிராமல் என்ன செய்யும்? லுயென் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை ஏமாற்றுவது சுலபம்.

ஆறாம் மாத வெயிலில் கியெமுக்குக் கை மரத்தது. அப்புறம் மின்விசிறியை நிறுத்தச் சொன்னான். கதவைச் சாத்தச் சொன்னான். யாராவது பக்கத்தில் நடந்தால்கூட அந்தக் காற்றில் கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது. குவாத் வந்து பார்த்துவிட்டு, "காத்து பட்டிருக்கு," என்றான். எங்கள் ஊரில் யார் திடீரென்று விழுந்தாலும் அதுதான் காரணம். காற்று இறங்கட்டும் என்று முதுகில் இஞ்சியைத் தேய்த்து வெள்ளிக் கரண்டியால் சிவக்கச் சிவக்கச் சுரண்டினார்கள். நான் ஐஸ் போடாமல் ஒரு கிளாஸ் தேநீர் கொண்டுபோனேன். கியெம் அதை வாங்கக் கை நீட்டினான், வாய்வரை கொண்டுபோனான், அவ்வளவுதான். தொண்டை பூட்டிக்கொண்டு, கண் பிதுங்கி, கிளாஸைச் சுவரில் எறிந்தான். அந்த முகத்தை நான் மறக்க நினைக்கிறேன், முடியவில்லை.

மாகாண மருத்துவமனையில் டாக்டர் அதிகம் பேசவில்லை. நாய்க்கடி உண்டா என்று கேட்டார். லுயென் ஆமென்று தலையை ஆட்டினாள். வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். வண்டியின் கண்ணாடிகளைப் போர்வையால் மூடிக்கொண்டு வந்தார்கள்.

அந்த நோயின் கொடுமை என்னவென்றால், நடுநடுவே புத்தி தெளிவாக இருக்கும். கியெம் தன் கைகளைக் கட்டிலோடு கட்டச் சொன்னான். லுயென் கட்டமாட்டேன் என்று அழுதாள். "கட்டுடி. அப்படியே தள்ளி நில்லு. ஒன்னக் கடிச்சிருவேனோன்னு பயமா இருக்கு," என்றான். எத்தனை ஆயிரம் நாய்களைக் கட்டியவன். அவளே கட்டினாள். மறுநாள் மதியம் போய்விட்டான்.

மகன் தைவானில் ஏதோ தொழிற்சாலையில் இருக்கிறான். விடுப்பு கிடைக்கவில்லை. போன் திரையிலேயே அப்பாவைப் பார்த்து, அங்கேயே தலையில் துக்கத்துக்கான வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, தரையில் விழுந்து கும்பிட்டான்.

சாவு வீட்டு வாசலில் குவாத் நின்றுகொண்டு வருகிறவர்களிடமெல்லாம், "காத்து பட்டிருச்சு, காத்து பட்டிருச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தான். கரைமேட்டுக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். அவர்கள் பிழைப்பு அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், மாதம் தவறாமல் லுயென் கடைக்கு வருகிறவர், அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

"என்னம்மா பண்றது, கல்லு மாதிரி இருந்த ஆளு. பாழாப்போன காத்து."

லுயென் நிமிர்ந்து பார்த்தாள். "காத்து இல்ல பெரியப்பா. நாய்க்கடி. நாலாம் மாசக் கடைசியில வந்தீங்களே, அன்னிக்கு வெட்டுன நாய்."

நாயனம் ஊதிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். அவள் குரலை உயர்த்தவில்லை. "வெந்த கறிய தின்னவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நர்ஸ் சொல்றாங்க. பச்ச ரத்தம் ஒறைய வச்சுக் குடிச்சவங்களும், வெட்டுறப்ப கை வச்சவங்களும் நாளைக்கே ஊசிக்குப் போயிருங்க. வெக்கப்படாதீங்க. வெக்கப்பட்டவரு இந்தா படுத்திருக்காரு."

பெரியவர் வெற்றிலையைத் துப்பினார். அன்று அவர் பச்சை ரத்தத்தின் மேல் வேர்க்கடலையைத் தூவி இரண்டு கிண்ணம் குடித்தவர். அன்றைக்குச் சாவு வீட்டில் சாப்பாட்டுக்கு யாரும் நிற்கவில்லை. மறுநாள் ஹாக்கின் வாசலில் வரிசை நின்றது, சில பேர் காலில் செருப்புகூட இல்லை. எல்லோரும் போனார்கள், குவாத்தைத் தவிர.

அவனுக்குத்தான் எல்லோரையும்விட அவசரம். அவன் கைக்குள் அந்த நாயின் பல்லே இறங்கியிருந்தது. ஆனால் அவன் கடை திறந்திருந்தது. அண்ணன் கடை மூடியதில் அங்கே வரவேண்டிய கூட்டமும் தன்னிடம் வரும் என்று அவன் ஒரு கணக்குப் போட்டிருந்தான். அவன் ஊசி போட்டுக்கொண்டால் அண்ணி சொன்னது உண்மையாகிவிடும். அதனால் ஊசியும் இல்லை, நாய்க்கடியும் இல்லை, எல்லாம் காற்று.

ஹாக் போய்ச் சொன்னாள், விரட்டினான். லுயென் போனாள். "ஏன் அண்ணி, புருஷன் போன துக்கத்துல ஊரக் கெடுக்கக் கெளம்பிட்டீங்களா?" என்று கேட்டான். அன்றைக்கே யாரோ அவள் கதவில் ஒரு வாளி இறால் விழுதை வீசியடித்துவிட்டுப் போனார்கள். அதுவும் லுயென் கதவில்! அத்தனை விழுதையும் வீணடித்தவர்களை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. அவள் சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

லுயென் வீட்டுப் பின்முற்றத்துக் கூண்டில் இன்னும் சில நாய்கள் மிச்சமிருந்தன. கால்நடைத் துறை ஆள் அவற்றைத் தனித்தனியாகக் கட்டிக் கவனிக்கச் சொன்னார். லுயென் சோறு வைத்தாள். அவளைப் பார்த்தாலே அவை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அவள் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து காத்திருப்பாள், அப்புறம்தான் தின்னும். ஒன்றின் கழுத்தில் நைந்துபோன சிவப்பு நூல் இருந்தது. பத்து நாள் கெடு முடிந்து, ஊசியும் போட்ட பிறகு அக்கரையிலிருந்து ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். அந்த நாய் அவரைப் பார்த்துப் போட்ட சத்தம் இருக்கிறதே, அதைக் குரைப்பு என்று சொல்ல முடியாது. அவர் திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. வண்டியில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார். லுயென் என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இதுங்களுக்கும் யாராவது இருப்பாங்கன்னு நான் நெனச்சதே இல்ல அக்கா. இத்தன வருஷம்."

"நெனச்சிருந்தா மட்டும் என்ன செஞ்சிருப்ப?" என்று கேட்டேன். மிச்ச நாய்களுக்குச் சோறு வைக்க எழுந்து போனாள். 

ஆறாம் மாதக் கடைசி வந்தது. குவாத் கடையில் கூடுதலாக மேசைகள் போட்டு, வண்ண விளக்கு மாட்டியிருந்தான். சாயங்காலம் லுயென் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். தலையில் வெள்ளைத் துக்கத் துணி. இப்போதெல்லாம் அடக்கம் முடிந்த சில நாளில் அதை அவிழ்த்துப் படையல் மேசைக்குக் கீழே வைத்துவிடுவார்கள், அப்புறம் சடங்கு நாட்களில்தான் கட்டுவார்கள். அவள் எடுத்துப் புதிதாகக் கட்டியிருந்தாள். என்னிடம் ஒரு முக்காலி கேட்டாள். கொடுத்தேன். நேரே போய்க் குவாத் கடை வாசலில், நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. முதல் மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோது புரிந்தது. பீடை கழிக்க வந்தவர்கள், துக்கத் துணி கட்டிய விதவை வாசலில் உட்கார்ந்திருக்க, அவளைத் தாண்டி உள்ளே போவார்களா? துக்கக்காரியின் முகத்தில் விழித்துவிட்டால் வந்த பீடை போதாதென்று புதுப் பீடையும் ஏறிக்கொள்ளுமே.

"ஐயையோ, வெள்ளத் துணிடா! திருப்பு, வண்டியத் திருப்பு!" என்று பின்னால் இருந்தவன் கத்தினான்.

அடுத்த வண்டியும் திரும்பியது. அதற்கடுத்ததும். குவாத் வெளியே ஓடிவந்தான்.

"அண்ணி, என்ன இது? எழுந்திருங்க!"

"நீ ஊசி போட்டுட்டு வா. எழுந்துக்கறேன்."

"எனக்கு என்ன நோவுன்னு ஊசி போடணும்?"

"நோவு வந்துட்டா ஊசியே கெடயாது தம்பி. அதான் வர்றதுக்கு முன்னாடி போடுன்னு சொல்றேன்."

"ஊரு பூரா தொழில் பண்றாங்க, என் வாசல்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"ஆமா. நீதான் எம் புருஷன் வெரல அது வாயிலேருந்து எடுத்தவன். நீதான் கண்ணுக்குத் தெரியுற."

அவன் திட்டினான். அவள் ஜாதகத்தைத் திட்டினான், பாய் நெய்கிற ஊரைத் திட்டினான், அண்ணனைத் தின்றுவிட்டுத் தம்பியைத் தின்ன வந்தவள் என்றான். அந்த வார்த்தைக்கு நான் எழுந்து நின்று, "டேய் குவாத், நாக்க அடக்குடா!" என்று கத்தினேன். அவன் கையை ஓங்கிவிட்டான். லுயென் அசையவில்லை.

"அடி. அடிச்சிட்டு அப்படியே ஹாக்கிட்ட போ."

கை இறங்கியது. அடுத்த நாளும் அவள் வந்து உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த நாளும். சமைத்த கறி அடுப்பிலேயே ஆறியது. மாதக் கடைசிக் கூட்டம் மொத்தமும் கரைமேட்டின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. கடைசியில் குவாத்தின் பெண்டாட்டிதான் எழுந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். வண்டியை எடுத்து உதைத்து, "ஏறுய்யா. கட போனா வேற கட போட்டுக்கலாம். எனக்குப் பயமா இருக்கு," என்றாள். அவன் அவளைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். ஏறினான்.

லுயென் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவள் நம்பவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் போனாள், கடைசி ஊசிவரை. ஹாக் ஊசியை ஏற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பானாம், ஊசிக்கு இல்லை, அவளுக்கு.

குவாத் பிழைத்துக்கொண்டான். கடை பிழைக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்ட செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? இம்முறை நான் வாயே திறக்கவில்லை, அதற்கு அவசியமே வரவில்லை.

இதோடு அவள் வீட்டில் இருப்பாள் என்று மற்ற கடைக்காரர்கள் நினைத்தார்கள். ஏழாம் மாதக் கடைசியில் அடுத்த கடை வாசலில் உட்கார்ந்தாள். எட்டாம் மாதம் அதற்கடுத்தது. என் முக்காலியைத் திருப்பித் தரவே இல்லை. ஊர்க்குழுக்காரர்கள் முதலில் அவளைக் கூப்பிட்டு இதெல்லாம் வேண்டாம் என்றார்கள். அப்புறம் மாகாணத்தில் அதே நோயில் இன்னும் சிலர் போனதும், கரைமேட்டில் நாய்க்கறி விற்கக் கூடாது என்று ஒரு பலகை நட்டு, தாங்களே செய்த மாதிரி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் வாத்துக் கறிக்கு மாறினார்கள். சிலர் நெடுஞ்சாலைப் பக்கம் போய்க் கடை போட்டார்கள். அங்கே இன்னும் கூண்டு வண்டிகள் நிற்கத்தான் செய்கின்றன. ஆனால் எங்கள் ஊருக்குள் நாய் வாங்க ஆள் வருவதில்லை என்றதும், ஜனங்கள் நாய்களை ஊசிக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். மருந்து வாடையைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

இவ்வளவும் செய்தவளுக்கு ஊர் செய்த மரியாதையைக் கேளுங்கள். சந்தையில் காலையில் அவளுக்கு ஒரு கட்டுக் கீரை விற்கமாட்டார்கள். முதல் போணி அவள் கையால் ஆனால் நாள் முழுக்க வியாபாரம் படுத்துவிடுமாம். மற்றவர்கள் வாங்கி முடிக்கும்வரை மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்பாள். கல்யாணப் பத்திரிகை அவள் வீட்டைத் தாண்டிப்போகும். புத்தாண்டுக்கு யார் வீட்டு வாசலையும் அவள் மிதிக்க முடியாது. அவள் சொல்லி ஊசி போட்டுக்கொண்ட பெரியவரே எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போகிறார். பிறகு என் கடையில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பீடை" என்கிறார். கிளாஸைப் பிடுங்காமல் என்ன செய்வது?

"அந்தத் துணிய அவுத்துப் போட்டுரேண்டி. நீ பண்ண நெனச்சதப் பண்ணிட்ட," என்று ஒரு நாள் சொன்னேன்.

"பண்ண வேண்டியதப் பண்ண வேண்டிய அன்னிக்குப் பண்ணல அக்கா," என்றாள். 

இதற்கு நடுவில், ஒன்பதாம் மாதம், நூறாம் நாள் வந்தது. அழுகையை நிறுத்தும் நாள் என்போம். அன்றோடு செத்தவருக்காக அழுவதை விட்டுவிட வேண்டும். லுயென் ஒட்டரிசிச் சோறு, அவித்த கோழி, மூங்கில் குருத்துச் சாறு எல்லாம் செய்து படையல் வைத்திருந்தாள். வந்தவர்கள் நான், ஹாக், அப்புறம் குவாத்தும் அவன் பெண்டாட்டியும். குவாத் வருவான் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊசிக்குப் பிறகு அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான், இளைத்திருந்தான்.

ஊதுபத்தி கொளுத்தி அண்ணன் படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றான். பிறகு பாயில் உட்கார்ந்தான். லுயென் பரிமாறினாள். சாப்பிட்டோம். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு அவன் தலை நிமிர்ந்தான்.

"அண்ணி."

"சொல்லு தம்பி."

"எங் கட வாசல்ல உக்காந்தீங்களே, அந்த மாதிரி அன்னிக்கு ஒங்க கட வாசல்ல உக்காந்திருந்தா, எங்கண்ணன் இந்நேரம் நம்மளோட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருப்பான்ல?"

அவன் பெண்டாட்டி அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். நன்றி கெட்டவனே, நீ இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து தின்பது யாரால் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் அவன் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. கண் நிறைந்திருந்தது. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யும் இல்லை. 

லுயென் அகப்பையைக் கையில் எடுத்தாள்.

"ஆமா தம்பி," என்றாள். "இருந்திருப்பாரு."

அவன் கிண்ணம் காலியாக இருந்தது. குனிந்து இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவன் சாப்பிட்டான்.